பாவாடைக் கொக்கியும் நாலு சமையலும்: எண்டோமெற்றியோசிஸ் உள்ளவர் சோற்றுக் கோப்பையில் எதை மாற்றுவது?

காலையில் இடுப்பில் தளர்வாக நிற்கிற பாவாடை, பின்னேரம் ஐந்து மணிக்குக் கொக்கி பூட்டாது. கந்தோரில் மேசைக்குப் பின்னால் கொக்கியைக் கழற்றிவிட்டு, சட்டையை இழுத்து மறைத்துக்கொண்டு வேலை செய்த நாட்கள் எனக்கு நிறைய. மட்டக்களப்பில் கல்லடிப் பாலம் தாண்டி வீட்டுக்கு வரும் பஸ்ஸில், பிள்ளைத்தாய்ச்சி என்று நினைத்து எழும்பி இடம் தந்தவர்களும் உண்டு. மறுக்கவில்லை, இருந்துவிட்டேன். கால் வலித்தது.

எண்டோமெற்றியோசிஸ் என்பது கருப்பையின் உட்சவ்வைப் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே, சூலகத்திலும் குடலின் மேலும் இடுப்பறையின் சுவரிலும் வளர்வது. மாதவிடாயின்போதும் அதற்கு முன்னும் பின்னும் வலி, உறவின்போது வலி, மலம் போகும்போது வலி, அதோடு நான் சொன்ன இந்த ஊதின வயிறு. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 வீதம் பேருக்கு, உலகம் முழுக்க 19 கோடிப் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கண்டுபிடிக்க 4 முதல் 12 வருடம் வரை போகும் என்பதும் அவர்கள் சொல்வதுதான். எனக்கு ஒன்பது போனது. அதில் முதல் மூன்று வருடம், "கலியாணம் கட்டினா எல்லாம் சரியாயிடும்" என்று ஒரு டொக்டர் சொன்னதை நம்பிக் கழிந்தது. கட்டினேன். சரியாகவில்லை. கடைசியில் ஸ்கானில் சூலகத்தில் சொக்கலேட் சிஸ்ட், அதாவது இந்த நோயால் பழைய இரத்தம் தேங்கிய கட்டி, தெரிந்தது.

கிளினிக்கில் மாத்திரை எழுதித் தந்த பிறகு நான் கேட்ட கேள்வி, அநேகமாக எல்லோரும் கேட்பது: "என்ன சாப்பிடலாம், டொக்டர்?" எல்லாம் சாப்பிடலாம் என்றார். வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு பதில் காத்திருந்தது. கனடாவில் இருக்கிற மச்சாள் கோதுமையை விடச் சொல்லி எட்டு நிமிட வொய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். அம்மம்மா பத்தியம் என்றார். இணையத்தில் தேடினால் ஒருபக்கம் ஃபொட்மாப், மறுபக்கம் அழற்சியைக் குறைக்கும் உணவு. நாலையும் நாலு வருடத்தில் முறையாகவோ அரைகுறையாகவோ செய்து பார்த்துவிட்டேன்.

ஒப்பிடுவதற்கு முன் ஒன்று. இதில் எந்தச் சாப்பாடும் வளர்ந்த இழையத்தைக் கரைக்காது. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியில், இந்த நோய்க்கு இன்ன உணவுமுறை என்று எதையும் பரிந்துரைக்கவில்லை. அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதே காரணம். ஆகவே டயனோஜெஸ்ட்டோ வேறு ஹோர்மோன் மாத்திரையோ எடுப்பவர்கள் அதை நிறுத்திவிட்டுக் குசினிக்குள் போகக்கூடாது. மாத்திரையோடு சேர்த்து எதை மாற்றினால் நாள் கொஞ்சம் இலகுவாகப் போகும் என்பதே கேள்வி.

மச்சாளின் வழி: கோதுமை விடுவது

இதற்குப் பின்னால் இத்தாலியில் நடந்து 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. 207 பெண்கள் 12 மாதம் குளுட்டன் (கோதுமையில் உள்ள ஒரு புரதம்) இல்லாத உணவு சாப்பிட்டார்கள். 156 பேருக்கு, அதாவது 75 வீதத்தினருக்கு வலி குறைந்தது. மச்சாள் இந்த எண்ணைத்தான் அனுப்பினாள். அனுப்பாத விசயம், கோதுமையை விடாமல் இருந்து ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம் அந்த ஆய்வில் இல்லை என்பது.

அது ஏன் பெரிய குறை என்பதற்கு இன்னொரு ஆய்வைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் எண்டோமெற்றியோசிஸ் உள்ள 69 இளம்பெண்களை மூன்றாகப் பிரித்து ஆறு மாதம் விற்றமின் டி, மீனெண்ணெய், மருந்தே இல்லாத போலிக் குளிசை என்று கொடுத்தார்கள். விற்றமின் டி எடுத்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. போலிக் குளிசை எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது! மீனெண்ணெய் இரண்டுக்கும் பின்னால் நின்றது. குறையப்போகிறது என்ற எதிர்பார்ப்பே இந்த நோயில் இவ்வளவு வேலை செய்யும். (பாமசியில் மீனெண்ணெய்க் குளிசைப் போத்தலைக் கையில் எடுத்துவிட்டுத் திருப்பி வைத்ததற்கு இதுதான் காரணம்.) அப்படியென்றால் ஒப்பிட ஆள் இல்லாத 75 வீதத்தை எவ்வளவு நம்புவது?

ஆனாலும் கோதுமையை விடுவது கனடாவில் செலவு, மட்டக்களப்பில் இல்லை. அங்கே தனி அலுமாரியில் தனி விலையில் விற்கிற பக்கெட்டுகள் வேண்டும். இங்கே அரிசிமாப் பிட்டு, இடியப்பம், சோறு என்று மூன்று வேளையும் ஏற்கனவே அரிசிதான். பாண், பராட்டா, கொத்து, ரோல்ஸ் போகும், அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது பிட்டு. பல வீடுகளில் அவித்த கோதுமை மாவைக் கலந்துதான் குழைப்பார்கள்; கடைப் பிட்டில் இன்னும் கூட. பெருங்காயத் தூளிலும் கோதுமை மா கலந்திருக்கக்கூடும்.

தொடங்குவதற்கு முன் சீலியாக் நோய்க்கான (குளுட்டன் சாப்பிட்டால் சிறுகுடல் பழுதாகும் நோய்) இரத்தப் பரிசோதனை தேவையா என்று டொக்டரிடம் கேளுங்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் அந்த ரிப்போட்டை நம்பலாம். விட்ட பிறகு போனால், நோய் இருந்தாலும் இல்லை என்று வரக்கூடும்.

நான் இரண்டு மாதம் விட்டேன். வயிறு இலேசாகியது. வலியில் மாற்றமில்லை. அது குளுட்டனால் வந்த இலேசு அல்ல என்று இப்போது நினைக்கிறேன். ஏன் என்பது அடுத்த வழியில் தெரியும்.

அவுஸ்திரேலியாவின் வழி: லோ ஃபொட்மாப்

மெல்பேணில் உள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தில், குடல் எரிச்சல் நோய்க்காக உருவான முறை இது. சில வகை மாச்சத்துகளும் சீனிகளும் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை; அவற்றைத்தான் ஃபொட்மாப் என்கிறார்கள். அவை தண்ணீரை உள்ளே இழுக்கும். பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பக்டீரியாக்கள் அவற்றை நொதிக்க வைத்து வாயு உண்டாக்கும். குடல் விரியும். எல்லோருக்கும் இது நடக்கிறதுதான். எண்டோமெற்றியோசிஸ் உள்ள பலருக்கு இடுப்பறை நரம்புகள் எளிதில் தூண்டப்படும் நிலையில் இருப்பதால், மற்றவருக்குத் தெரியாமலே போகிற வாயு நமக்குக் கத்தியாய் இறங்குகிறது.

நாலு வழியிலும் ஆதாரம் கொஞ்சம் கெட்டியாக நிற்பது இதற்குத்தான். மொனாஷ் ஆய்வாளர்கள் 2025-இல் வெளியிட்ட சோதனையில், எண்டோமெற்றியோசிஸும் குடல் தொந்தரவும் சேர்ந்திருந்த 35 பெண்களுக்கு 28 நாள் இந்த உணவும் இன்னொரு 28 நாள் ஒப்பீட்டு உணவும் சமைத்தே கொடுத்தார்கள். இந்த உணவில் 60 வீதம் பேருக்குக் குடல் தொந்தரவு குறைந்தது, மற்றதில் 26 வீதம் பேருக்கு. ஆட்கள் கொஞ்சம்தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அளந்தது குடல் தொந்தரவை என்பதை மறக்கக்கூடாது. மாதவிடாய் வலிக்கு இது மருந்து என்று யாராவது சொன்னால், அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை.

விலக்குகிற பட்டியலைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. வெங்காயம், உள்ளி, கோதுமை, பருப்பு, கடலை, கௌப்பி, பால், மாம்பழம், வத்தகப்பழம். வெங்காயமும் உள்ளியும் இல்லாமல் கிழக்கிலங்கையில் ஒரு சட்டி அடுப்பில் ஏறுமா? கோதுமையும் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். வெங்காயத்திலும் உள்ளியிலும் உள்ள புரக்டான் என்ற அதே மாச்சத்துதான் கோதுமையிலும் இருக்கிறது. கோதுமையை விட்டபோது என் வயிறு இலேசானது அதனால்தான் இருக்க வேண்டும்.

வழி ஒன்று இருக்கிறது. புரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. தாளிக்கிற எண்ணெயில் இரண்டு மூன்று உள்ளிப் பல்லை முழுதாகப் போட்டு, மெல்லிய நெருப்பில் ஓரம் பொன்னிறமாகும் வரை புரட்டி, தண்ணீரோ பாலோ விடுமுன் கரண்டியால் கடைசிப் பல்லையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். வாசம் எண்ணெயில் நிற்கும், தொந்தரவு பல்லோடு வெளியே போய்விடும். பால் விட்ட பிறகு எடுத்துப் பயனில்லை, அதற்குள் ஆணத்தில் இறங்கிவிடும். வெங்காயத்துக்குப் பதிலாக லீக்ஸின் பச்சைப் பகுதியை மட்டும் நறுக்கிப் போட்டேன், வெள்ளைத் தண்டு வேண்டாம். கறிவேப்பிலை, ரம்பை, இஞ்சி, மஞ்சள், மிளகு எல்லாம் வழமைபோல. முதல் நாள் சொதியை வாயில் வைத்துவிட்டு அவர் கேட்டார்: "இண்டைக்கு என்ன, புதுசா மணக்குது?" குறையாகச் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

சோறு, இடியப்பம், மீன், முட்டை, கோழி, கத்தரிக்காய், கரட், பப்பாசி, அன்னாசி, அதிகம் பழுக்காத வாழைப்பழம், அளவான தேங்காய்ப்பால் எல்லாம் போகும். தயிர் புளித்ததில் பாலின் சீனி கொஞ்சம் குறைந்திருக்கும், இல்லாமல் போயிருக்காது. அந்த நாலு கிழமை நான் தயிர்ச் சட்டியைத் தொடவில்லை. படுவான்கரையிலிருந்து சொந்தக்காரர் எருமைத் தயிர் கொண்டுவந்த அந்த ஒரு ஞாயிறைத்தவிர.

பலர் பிழைவிடும் இடம், விலக்குவதோடு நின்றுவிடுவது. இரண்டு முதல் ஆறு கிழமைதான் விலக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வகையாக, மூன்று நாளுக்கு அளவைக் கூட்டிச் சாப்பிட்டுப் பார்த்து, தாங்குவதை எல்லாம் திரும்பச் சேர்த்துவிட வேண்டும். காலம் முழுக்க விலக்கினால் குடலுக்கு நல்லது செய்யும் பக்டீரியாவுக்கும் தீனி இல்லாமல் போகும். ஏற்கனவே மெலிந்தவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், சாப்பாட்டைப் பார்த்தாலே பயம் வருகிறவர்கள் இதில் தனியாக இறங்கக்கூடாது. காத்தான்குடித் தோழி சொன்ன புத்தியையும் சேர்த்துவிடுகிறேன்: நோன்பு மாதத்தில் தொடங்காதே, கஞ்சியில் உள்ளி இல்லாமல் யார் காய்ச்சித் தருவார்கள்?

வாவிக்கரையின் வழி: மீனும் கீரையும்

மத்தியதரைக் கடல் உணவு என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் ஒலிவ் எண்ணெயும் சல்மனும் காட்டும். அதன் சாரம் எண்ணெய்ப்பிடிப்பான மீன், இலைவகை, பழம், தீட்டாத தானியம்; சிவப்பு இறைச்சியும் பேக்கரிக் கொழுப்பும் குறைவு. சூடை, சாளை, கும்பளா, முருங்கையிலைச் சுண்டல், சிவப்பரிசிச் சோறு என்று எழுதினால் நம்முடைய புதன்கிழமை மத்தியானச் சாப்பாடு வந்துவிட்டது.

ஆதாரம் பெரியது, ஆனால் வேறு கேள்விக்கு. அமெரிக்காவில் 70,709 தாதியரை 12 வருடம் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளிவந்த ஆய்வில், மீனில் உள்ள வகை ஒமேகா 3 கொழுப்பை அதிகம் உண்டவர்களுக்கு, மிகக் குறைவாக உண்டவர்களைவிட எண்டோமெற்றியோசிஸ் என்று கண்டறியப்படுவது 22 வீதம் குறைவு. ட்ரான்ஸ் கொழுப்பு அதிகம் உண்டவர்களுக்கு 48 வீதம் அதிகம். சிவப்பு இறைச்சி நாளுக்கு இரண்டு தடவைக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு 56 வீதம் அதிகம் என்று அதே தாதியரிடமிருந்து 2018-இல் இன்னொரு முடிவு வந்தது. இவை யாருக்கு நோய் வருகிறது என்பதைப் பற்றியவை. வந்த பிறகு வலி குறையுமா என்பதற்கு இவை பதில் இல்லை. அந்த வித்தியாசத்தை விழுங்கிவிட்டுத்தான் பலர் வீடியோ போடுகிறார்கள்.

இருந்தும் இந்த வழியை நான் நிரந்தரமாக வைத்திருக்கிறேன், வேறு காரணத்துக்காக. எங்களில் பலருக்கு மாதம் மாதம் இரத்தம் அதிகம் போய் இரும்புச்சத்து குறைந்திருக்கும். மாட்டிறைச்சியைக் குறைத்தால் அந்த இடத்தை மீனும் முட்டையும் இலையும் பிடிக்க வேண்டும். இலையிலுள்ள இரும்பை உடம்பு லேசில் எடுக்காது. சுண்டலை இறக்கியதும் தேசிக்காய் பிழிந்தால் கூட எடுக்கும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடித்தால் அது குறையும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடிக்கிறேன். நாலு வருடத்தில் நான் செய்ததிலேயே இதுதான் கஷ்டமான மாற்றம்.

மீனைப் பொரிப்பதானால் நேற்றுப் பொரித்த எண்ணெயில் வேண்டாம். புளியாணமாய் வைத்தால் எண்ணெய்க் கவலையே இல்லை.

அம்மம்மாவின் வழி

"சூரை தின்னாத புள்ள, கிரந்தி. றாலும் வேணாம், கத்தரிக்காயும் வேணாம்." கிரந்தி, உடம்புக்கு ஆகாது என்று அம்மம்மா விலக்கும் பட்டியல் இப்படித் தொடங்கும். மாதவிடாய் நாளில் மீன், முட்டை ஒன்றும் கிடையாது. பதிலுக்கு உளுந்துக் களி, நல்லெண்ணெய், சரக்கு அரைத்த கறி.

பத்தியத்தைப் பழித்து எழுதுவது இலகு. சரக்கில் போகிற இஞ்சியும் வெந்தயமும் சாதாரண மாதவிடாய் வலிக்குக் கொஞ்சம் உதவுவதாகச் சிறு ஆய்வுகள் இருக்கின்றன. சூடான சரக்குக் கறியும் வயிற்றில் வெந்நீர்ப் போத்தலுமாக ஒரு பின்னேரம் கிடப்பதற்கு எனக்கு எந்த ஆய்வும் தேவையில்லை. கிரந்திப் பட்டியல்தான் பிரச்சினை. இரத்தம் போகிற நாட்களில் மீனையும் முட்டையையும் நிறுத்துவது, தேவைப்படுகிற நேரத்தில் இரும்பையும் புரதத்தையும் பிடுங்குவது. உளுந்தும் அப்படித்தான், ஆனால் வேறு விதமாக. ஊதின வயிற்றோடு நான் ஒரு கிண்ணம் உளுந்துக் களி சாப்பிட்ட இரவு விடியும்வரை சுவரில் கால் போட்டுக்கொண்டு கிடந்தேன். பருப்பு வகையில் உள்ள மாச்சத்தின் வேலை அது. உளுந்து தாங்குகிற வயிற்றுக்கு அது அருமையான சாப்பாடு. இடுப்புக்குப் பலம் என்று அம்மம்மா சொல்வதோடு நான் வழக்காடப் போவதில்லை.

பால் பற்றி மச்சாளும் அம்மம்மாவும் ஒரே கட்சி: விடு. அதற்கு ஆதாரம் எதிர்ப்பக்கமாக இருக்கிறது. அதே தாதியர் ஆய்வில் பால் வகை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் சற்றுக் குறைவாகவே கண்டறியப்பட்டது. பால் குடித்தால் வயிறு குழம்புகிறவர் விடலாம். மற்றவர்கள், அதுவும் எலும்பைத் தேய்க்கக்கூடிய ஹோர்மோன் ஊசி போடுகிறவர்கள், கல்சியத்தை வீணாக இழக்க வேண்டாம்.

அப்படியானால் எதை எடுப்பது?

சாப்பாட்டைத் தொடுமுன் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். இரண்டு மாதவிடாய்ச் சுற்று முழுக்க, ஒன்றையும் மாற்றாமல், நாளுக்கு மூன்று எண் எழுதுங்கள்: வலி பத்தில் எத்தனை, வயிற்று ஊதல் பத்தில் எத்தனை, மலம் எப்படி. என்ன தின்றோம் என்பது ஒரு வரி. போலிக் குளிசை காட்டின பாடம் நமக்கும் பொருந்தும். முன்னைய எண் கையில் இல்லாவிட்டால் புதுச் சமையல் எதுவும் முதல் மாதம் அற்புதமாகத்தான் தெரியும்.

கொப்பியில் ஊதலும் மலமும் முன்னுக்கு நின்றால், மாதவிடாய் இல்லாத நாட்களிலும் நின்றால், லோ ஃபொட்மாப்புக்கு நாலு கிழமை கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. நாலு கிழமையில் எண் அசையவில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஐந்தாம் கிழமையில் அற்புதம் வராது. முழுப் பட்டியலும் முடியாதென்றால் வெங்காயம், உள்ளி, கோதுமை மூன்றை மட்டும் முதலில் எடுத்துப் பார்க்கலாம். கூட்டுக் குடும்பத்தில் இருப்பவருக்கு நான் சொல்வது இதுதான். மாமி சமைக்கிற வீட்டில் ஒன்பது சாமானை விலக்கச் சொல்லிக் கேட்பதும், மூன்றைக் கேட்பதும் ஒன்றல்ல. தனிச் சட்டி வைத்தால் முதல் கிழமை பரிதாபம், இரண்டாம் கிழமை கதை. "என்னகா, எங்கட சாப்பாடு புடிக்கலயா?" ஆணத்தில் உப்பும் புளியும் போட்டுத் தாளிக்குமுன் எனக்கு ஒரு சிறு சட்டியில் எடுத்து வைத்துவிட்டு, மற்றதற்கு வெங்காயத்தையும் உள்ளியையும் வதக்கிக் கொட்டுவது என்று நாங்கள் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். மாமிதான் கண்டுபிடித்தார்.

வலிதான் முன்னுக்கு நிற்கிறது, வயிறு பரவாயில்லை என்றால், இந்த விலக்கல்கள் எதற்கும் உடம்பை வருத்த வேண்டாம். மீன், இலை, தேசிக்காய், பிந்திய பிளேன்டீ என்று இருந்துகொண்டு, மாத்திரை போதவில்லை என்பதைக் கிளினிக்கில் கொப்பியை விரித்துக் காட்டிச் சொல்லுங்கள். வாயால் "வலிக்குது டொக்டர்" என்று ஒன்பது வருடம் சொன்னதைவிட எட்டுக் கிழமை எண்களுக்கு மரியாதை கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மலத்திலோ சிறுநீரிலோ இரத்தம், காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, நாள் முழுக்க இறங்காத புது ஊதல் எதுவாக இருந்தாலும் கொப்பிக்குக் காத்திருக்காமல் போய்க் காட்ட வேண்டும்.

என் கொப்பியில் கடைசியாக மிஞ்சியது இவ்வளவுதான்: உள்ளியும் உளுந்தும் ஆகாது, வெங்காயம் கொஞ்சம் தாங்கும், மாம்பழம் ஒன்றும் செய்யாது, பாண் இரண்டு துண்டுக்கு மேல் போனால் இரவு தெரியும். பின்னேரத்தில் பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும்போது ஒரு மீன் பணிஸ் வாங்குகிறேன். அடுத்த நாள் கொக்கி வைத்த பாவாடை கட்டிக்கொண்டு மீற்றிங்குக்குப் போக வேண்டியிருந்தால் வாங்குவதில்லை.